சிற்றுண்டிச் சாலையில் சர்க்கரைவள்ளிக்கு இடமுண்டா?

உண்பது எதற்காக என்று கேட்டால், பசி தீர்வதற்காக என்று எவரும் உடனே விடை கூறுவர். ஆனால் எதை உண்பது என்பதைப் பசி மட்டும் தீர்மானிப்பதில்லை. கையில் உள்ள காசு, கடையில் உள்ள பண்டம், பக்கத்தில் நிற்பவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. கடைசியாகச் சொன்ன கூச்சத்தினால் நம்மிடையே ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் ஓர் உணவுக்காக வாதாடவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன். அது வேறொன்றுமில்லை, தள்ளுவண்டியில் ஆவி பறக்க விற்கும் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்குதான். தென் மாவட்டத்து நண்பர்களுக்குச் சீனிக்கிழங்கு என்றால் சட்டென்று விளங்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிழங்கு மலிவாகக் கிடைக்கும் மாதங்களில், நம் கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையில் வாரத்திற்கு மூன்று நாளேனும் அவித்த சர்க்கரைவள்ளியும் நிலக்கடலையும் விற்கப்பட வேண்டும். "இதற்கு ஒரு கட்டுரையா?" என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சிரித்து முடித்தபின் சற்றுப் பொறுமையாக மேலே படிக்குமாறு வேண்டுகிறேன்.

பதினோரு மணிப் பசி

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வருபவர்கள். ஊருக்கு வரும் காலைப் பேருந்து ஒன்றுதான் என்றால், அடுப்பில் உலை கொதிக்கும் முன்பே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு பாடவேளைகள் எப்படியோ கழிந்துவிடும். பதினோரு மணிக்கு மேல் பேராசிரியர் கூறும் அரிய கருத்துகளைவிட வயிறு கூறும் எளிய கருத்தே காதில் விழுகிறது. இதை மிகையென்று கருதுவோர் மூன்றாம் பாடவேளையில் எந்த வகுப்பின் கடைசி வரிசையையும் எட்டிப் பார்க்கலாம்.

பள்ளி மாணவருக்குத் தமிழகம் செய்திருப்பதை நாம் மறக்கலாகாது. 1956ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வேரூன்றியது. 1982 ஜூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1984இல் அது பத்தாம் வகுப்பு வரை நீட்டிக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் முதல் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவும் கிடைத்து வருகிறது. நம்மில் எத்தனையோ பேர் அந்தச் சத்துணவுத் தட்டில் உண்டு வளர்ந்தவர்களே. ஆனால் பதினோராம் வகுப்பில் காலடி வைத்ததும் தட்டு நின்றுவிடுகிறது. வகுப்பு உயர்ந்துவிட்டதை நாம் அறிவோம். வயிறு அதனை அறிவதில்லை!

எனவே நாம் போய் நிற்பது சிற்றுண்டிச் சாலையில். அங்கே இருப்பவை என்ன? தேநீர், பஜ்ஜி, பப்ஸ், கண்ணாடிப் பாட்டிலில் பிஸ்கட்டு, கயிற்றில் தொங்கும் சிப்ஸ் பொட்டலங்கள். மைதாவும் எண்ணெயும் உப்பும் சர்க்கரையும் பல வேடங்களில் வந்து நிற்கின்றன. இதற்காக நான் சிற்றுண்டிச் சாலை நடத்துபவரைக் குறை கூறவில்லை. விற்பதைத்தான் அவர் வைக்க முடியும். நாம் கேட்காத ஒன்றை அவர் ஏன் வைக்கப் போகிறார்? ஆதலால் இக்கட்டுரை அவருக்கு எழுதும் புகார் மனு ஆகாது. நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் மனு என்றே கொள்க.

கிழங்கின் குலமும் குணமும்

தாவரவியல் பயில்பவன் என்ற முறையில் கிழங்கின் குலத்தைப் பற்றிச் சில சொல்ல ஆசைப்படுகிறேன். உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் பெயரளவில்தான் உறவினர். உருளை என்பது மண்ணுக்குள் பருத்த தண்டு. கத்தரி, தக்காளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சர்க்கரைவள்ளியோ பருத்த வேர். நம் குளக்கரைகளில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும், சந்தையில் விற்கும் வள்ளைக் கீரையும் இதன் நெருங்கிய சுற்றத்தார். பூக்களை அருகருகே வைத்துப் பார்த்தால் உறவு புலப்படும்.

தமிழ்த்துறை நண்பர்கள் சிலர், பறம்பு மலையின் வளங்களுள் ஒன்றாகப் புறநானூற்றில் கபிலர் குறிப்பிடும் வள்ளிக் கிழங்கே இது என்று வாதிடுவதுண்டு. அந்தப் பெருமை இதற்குப் பொருந்தாது. சர்க்கரைவள்ளி அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய பயிர். போர்ச்சுக்கீசியர் வழியாகவே நம் நாட்டிற்கு வந்தது. கபிலர் கண்ட வள்ளி வேறு கொடி. ஆனால் மிளகாயும் அதே அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே! அதை இன்று யாரேனும் அந்நியப் பொருள் என்கிறோமா? பழம்பெருமை இல்லையென்றால் என்ன, பயன் இருந்தால் போதாதா?

பயனுக்கு வருவோம். 100 கிராம் கிழங்கில், இரகத்தைப் பொறுத்து, சுமார் 90 முதல் 120 கலோரி ஆற்றல் உண்டு. மாவுச்சத்து 20 முதல் 28 கிராம் வரை. நார்ச்சத்து ஏறத்தாழ 3 கிராம். கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். இதயத்திற்கும் தசைகளுக்கும் வேண்டிய பொட்டாசியம் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. குறையையும் மறைக்கக் கூடாது. புரதம் 1 அல்லது 2 கிராம் மட்டுமே. கிழங்கை மட்டும் தின்று உடலை வளர்த்துவிட முடியாது.

அந்தக் குறையைத் தீர்க்கும் மருந்து அதே தள்ளுவண்டியில் இருக்கிறது. அதுதான் நிலக்கடலை. 30 கிராம் கடலைப் பருப்பில் 7 கிராமுக்குக் குறையாத புரதம் உண்டு. 150 கிராம் கிழங்கும் ஒரு கைப்பிடிக் கடலையும் சேர்ந்தால் 300 கலோரிக்கு மேல் ஆற்றலும், 9 கிராம் அளவுக்குப் புரதமும், வயிறு நிறைந்த உணர்வைத் தரும் நார்ச்சத்தும் கிடைத்துவிடுகின்றன. ஒரு பப்ஸும் ஆற்றல் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது மாவும் கொழுப்பும் தரும் ஆற்றல். உடன் வருவது மிகக் குறைவு. கிழங்கையும் கடலையையும் ஒரே வண்டியில் வைத்து விற்கும் பெரியவர் ஊட்டச்சத்து நூல் எதையும் படித்தவர் அல்லர். எனினும் அவருடைய தராசுத் தட்டில் நல்லதொரு பாடம் இருக்கிறது.

நிறத்தில் ஒரு செய்தி

"சர்க்கரைவள்ளி தின்றால் கண்ணுக்கு நல்லது" என்று இன்று கைப்பேசியில் வரும் செய்திகள் எல்லாம் கூறுகின்றன. இது பாதி உண்மை. பாதி உண்மை சில வேளைகளில் முழுப் பொய்யைவிடத் தொல்லை தரும். உயிர்ச்சத்து ஏ ஆக உடலில் மாறும் பீட்டா கரோட்டின் என்ற பொருள் கிழங்கின் சதைக்கு ஆரஞ்சு நிறத்தைத் தருகிறது. ஆரஞ்சுச் சதைக் கிழங்கில் 100 கிராம் உண்டாலே ஓர் ஆளின் ஒரு நாள் தேவையில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஆனால் நம் சந்தைகளில் பெரும்பாலும் வருபவை தோல் சிவப்பாகவும் சதை வெள்ளையாகவும் உள்ள கிழங்குகள். அவற்றில் கரோட்டின் மிகக் குறைவு. தோலின் சிவப்பைக் கண்டு ஏமாறாமல் வெட்டிப் பார்த்தே அறிய வேண்டும்.

இதைத் தெளிவாகக் காட்டும் ஆய்வு ஒன்று தென்னாப்பிரிக்காவில் நடந்து 2005இல் வெளியாயிற்று. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 125 கிராம் அவித்து மசித்த ஆரஞ்சுக் கிழங்கையும், மற்றொரு பிரிவினருக்கு அதே அளவு வெள்ளைக் கிழங்கையும் 53 பள்ளி நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். ஆரஞ்சுக் கிழங்கு உண்ட குழந்தைகளின் உடலில் உயிர்ச்சத்து ஏ இருப்பு முன்னேறியது. மாத்திரையோ ஊசியோ இல்லாமல், பள்ளியிலே கொடுத்த அவித்த கிழங்கு செய்த வேலை இது! மொசாம்பிக், உகாண்டா முதலிய நாடுகளில் ஆரஞ்சுக் கிழங்கை உழவர்களிடையே பரப்பிய மரியா ஆந்திராடே, இராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோருக்கும், பயிரிலேயே சத்தைக் கூட்டும் இயக்கத்தை வளர்த்த ஹோவார்த் பூயிஸுக்கும் 2016ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. நாம் கூச்சப்பட்டு ஒதுக்கும் கிழங்கு உலக அரங்கில் பரிசு மேடை ஏறியிருக்கிறது.

இதற்காக நாம் ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. 1963இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலே திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் இருக்கிறது. ஸ்ரீ கனகா, பூ சோனா போன்ற ஆரஞ்சுச் சதை இரகங்களும், பூ கிருஷ்ணா என்ற ஊதாச் சதை இரகமும் அந்நிறுவனம் உருவாக்கியவையே. ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த இரகம் நம் தட்டுக்கு வந்து சேராததற்குக் காரணம் விஞ்ஞானம் அன்று, வாங்குவோர் இல்லாமையே. கேட்போர் இருந்தால் வியாபாரி கொண்டு வருவார். வியாபாரி கேட்டால் உழவர் நடுவார்.

வெள்ளைக் கிழங்கு வீண் என்று இதற்குப் பொருளில்லை. பசிக்கும் நாருக்கும் அது போதும். கண்ணுக்கும் சேர்த்து வேண்டுமென்றால் ஆரஞ்சு வேண்டும். அவ்வளவே. அதனுடன் சிறிது கொழுப்பு சேர்ந்தால்தான் கரோட்டினை உடல் நன்கு ஏற்கும் என்பதால், இங்கும் கடலையே துணைக்கு வருகிறது.

கூச்சம் எங்கிருந்து வந்தது?

இவ்வளவு நல்ல பண்டம் என்றால் நாம் ஏன் உண்பதில்லை? சுவை இல்லையா? பொங்கலுக்குக் கரும்போடும் மஞ்சள் கொத்தோடும் சிறுகிழங்கும் சீனிக்கிழங்கும் வாங்கும் வீடுகள் தெற்கே இன்றும் ஏராளம். அன்று அதைச் சுவையில்லை என்று எவரும் ஒதுக்குவதில்லை. அப்படியானால் குறை நாக்கில் இல்லை, நினைப்பில் இருக்கிறது. அரிசி கிடைக்காத நாளில் கிழங்கு தின்றோம் என்பது நம் பாட்டிமார் பலரின் வாயில் கேட்கும் சொல். அந்த வறுமையின் நினைவு கிழங்கின் மேல் ஒட்டிக்கொண்டது. "கிழங்கு தின்பவர்" என்றால் "அரிசிக்கு வழியற்றவர்" என்று ஒரு பொருள் ஏறிவிட்டது.

என் வகுப்புத் தோழி ஒருத்தி வீட்டில் அவித்த கிழங்கைத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டு வருவாள். மூடியைப் பாதி திறந்து, மேசைக்குக் கீழே வைத்து, பிய்த்துப் பிய்த்து உண்பாள். அதே மேசையின் மேலே பளபளக்கும் சிப்ஸ் பொட்டலம் பகிரங்கமாகக் கைமாறிக்கொண்டிருக்கும். சத்துள்ளது ஒளிந்திருக்க, சத்தற்றது நெஞ்சு நிமிர்த்தி நிற்கும் இந்த வேடிக்கை நம் கல்லூரியில் மட்டும் நடப்பதன்று. ஆனால் நம் கல்லூரியிலாவது நிற்கலாம் அல்லவா?

ஜப்பானியர் இக்கூச்சத்தை வென்ற விதம் கவனிக்கத்தக்கது. அங்கும் இக்கிழங்கு பஞ்ச காலத்து உணவாகவே பரவியது. தெற்கே சத்சுமா பகுதியில் பயிரானதால் அதற்குச் சத்சுமா-இமோ என்று பெயர். 1732ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்திற்குப்பின், அவோகி கோன்யோ என்ற அறிஞர் 1735இல் எதோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், இதைப் பயிரிட்டுக் காட்டினார். அவருக்கு மக்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? "சர்க்கரைவள்ளி ஆசிரியர்" என்பதுதான். அவருடைய கல்லறையிலும் அப்பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோற்றுக்குப் பதில் இதையே தின்று சலித்த தலைமுறையும் அங்கு உண்டு. அப்படியிருந்தும் கிழங்கை அவர்கள் தள்ளிவிடவில்லை. சூடான கற்களில் சுட்ட கிழங்கை வண்டியில் கூவி விற்கிறார்கள். பெரிய கடைகளிலும் வைத்து விற்கிறார்கள். இளைஞர்கள் குளிர்காலத்தில் காத்திருந்து வாங்கி உண்கிறார்கள். பஞ்சத்தில் உயிர் காத்த பொருளை இழிவென்று கருதாமல் நன்றியோடு பார்த்தார்கள். நாமும் அவ்வாறு பார்த்தால் என்ன?

தடை சொல்வோருக்கு விடை

"கிழங்கு வாயு" என்பது முதல் தடை. செரிக்காத மாவும் நாரும் பெருங்குடலில் நொதிப்பதால் சிலருக்கு வயிறு உப்புவது உண்மையே. அளவாக உண்பதும், நன்றாக வேகவைப்பதும், மிளகுப் பொடி தூவிக்கொள்வதும் நம் வீட்டு வழக்கம். அளவு மீறினால் பஜ்ஜிக்கும் அதே கதிதான்.

"இனிப்பாயிற்றே, சர்க்கரை நோய் வராதா?" என்பது இரண்டாவது. கிழங்கின் இனிப்பில் பெரும்பகுதி அது வேகும்போது பிறப்பது. வெப்பம் மெல்ல ஏறும்போது கிழங்கிலுள்ள நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. எனவே சமைக்கும் முறையே எல்லாம். ஜமைக்கா நாட்டுக் கிழங்குகளைக் கொண்டு 2011இல் வெளியான ஆய்வில், இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைக் காட்டும் குறியீடு, அவித்த கிழங்குக்கு 50க்குள்ளும், சுட்ட கிழங்குக்கு 80ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருந்தது. ஆகவே நாம் கேட்பது அவித்த கிழங்கு. ஏற்கெனவே சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ள பேராசிரியப் பெருமக்கள் தம் மருத்துவரைக் கேட்டே உண்பது நன்று.

"அப்படியானால் சர்க்கரைவள்ளி சிப்ஸ் விற்கலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். பெயர் மாறினாலும் எண்ணெய் மாறுவதில்லை. எந்தக் கிழங்கையும் மெல்லிதாகச் சீவிப் பொரித்தால் நீர் வெளியேறிய இடத்தில் எண்ணெய் குடியேறும். 100 கிராம் சிப்ஸில் 500 கலோரியைத் தாண்டிவிடும். கிழங்கின் பெயரால் எண்ணெய் தின்பதற்கு இவ்வளவு வாதம் தேவையில்லை.

செய்யக் கூடியவை

வெறும் ஆதங்கத்தோடு நிறுத்தாமல் சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, விலை. கிழங்கைக் கிலோ 40 ரூபாய்க்கு வாங்கினால், நுனியும் அழுகலும் போக 150 கிராம் வீதம் ஆறு பேருக்குக் கொடுக்கலாம். ஒரு பங்குக்கு 7 ரூபாய்க்குள் அடங்கும். கடலைப் பருப்பு கிலோ 150 ரூபாய் என்று வைத்தாலும் 30 கிராமுக்கு நாலரை ரூபாய். எரிபொருளும் உழைப்பும் சேர்த்து 15 ரூபாய்க்கு விற்றால் நடத்துபவருக்கும் நட்டமில்லை, நமக்கும் பாரமில்லை. உழவர் சந்தையில் நேரடியாக வாங்கினால் பயிரிட்டவருக்கும் நியாயம் கிடைக்கும்.

இரண்டாவது, பக்குவம். கிழங்கைத் தண்ணீரில் மூழ்க வைத்து வேகவிட்டால் இனிப்பும் சத்தும் நீரில் இறங்கிவிடும். இட்லிப் பானையில் தோலோடு ஆவியில் வைப்பதே சிறப்பு. வட்டமாக அரிந்து, அவித்த கடலையும் தேங்காய்த் துருவலும் சேர்த்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, எலுமிச்சை பிழிந்து வாழை இலைத் துண்டில் கொடுத்தால் சுண்டலுக்கு நிகராக விற்கும். கண்ணுக்கு அழகாக இருந்தால் கூச்சம் தானே ஓடிவிடும். வண்டு துளைத்துக் கசக்கும் கிழங்கை இரக்கமின்றி ஒதுக்க வேண்டும். அக்கசப்பு உடலுக்குத் தீங்கானது. பச்சைக் கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியிலும் வைக்கலாகாது. குளிரில் அதன் நடுப்பகுதி கெட்டியாகி வேகாமல் நிற்கும்.

மூன்றாவது, பயிர். கல்லூரி வளாகத்தில் கருவேலம் மண்டிக் கிடக்கும் நிலத்தில் பத்துச் சென்ட் போதும். சர்க்கரைவள்ளிக்கு விதை வேண்டாம். ஒரு சாண் நீளக் கொடித் துண்டை வரப்பில் நட்டால் நான்கு மாதத்திற்குள் கிழங்கு தயார். தாவரவியல் துறை ஆரஞ்சு இரகத்தின் கொடிகளைப் பெற்றுத் தர, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் நட்டுப் பேண, வணிகவியல் மாணவர் வரவு செலவு எழுத, அறுவடை சிற்றுண்டிச் சாலைக்குப் போகட்டும். ஒரே பாத்தியில் மூன்று துறைகளுக்குச் செயல்முறைப் பாடம் கிடைக்கும்.

இவற்றுள் எதற்கும் அரசாணை தேவையில்லை. முதல்வர் அவர்களின் இசைவும், சிற்றுண்டிச் சாலை நடத்துபவரின் துணிவும் இருந்தால் வரும் தை மாதமே தொடங்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது நாம் காட்ட வேண்டிய ஆதரவு. முதல் வாரம் கிழங்கு விற்காமல் மீந்துவிட்டால், இரண்டாம் வாரம் அது வராது. விற்கும் இடத்தில் நம்மில் நாலு பேர் வரிசையில் நின்று, எல்லோரும் காண வாங்கி உண்டால், ஐந்தாவதாக ஒருவர் தயங்காமல் வருவார். அவர் காலையில் ஒன்றும் உண்ணாமல் முதல் பேருந்தில் வந்தவராக இருக்கலாம். பதினைந்து ரூபாயில் அவருடைய பிற்பகல் வகுப்புகளை மீட்டுக் கொடுக்க முடியுமென்றால், அதற்காகக் கொஞ்சம் கூச்சத்தை விட்டொழிப்பது பெரிய தியாகமா? நண்பர்களே, சிந்தித்துச் சொல்லுங்கள்!